விறாந்தையில் ஒரு பாய்

1969 ஆகஸ்ட் 15 அன்று, அமெரிக்காவின் வுட்ஸ்டொக் இசைவிழா மேடையில் காவியுடை அணிந்த ஒருவர் சம்மணமிட்டிருந்து, கடலெனத் திரண்டிருந்த இளைஞர்கள் முன் தொடக்கவுரை ஆற்றினார். சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர். அமெரிக்கா அவரை அறியும் முன்பே திருகோணமலை அவரை அறிந்திருந்தது. தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் கிளையொன்றை அமைக்கச் சொல்லி, குரு சிவானந்தர் அவரை 1953இல் அனுப்பியது எங்கள் ஊருக்குத்தான். பிறகு கண்டியில் தபோவனத்தை நடத்தி, 1966இல் மேற்கு நாடுகளுக்குப் போனார்.

திருகோணமலையில் நாங்கள் இருக்கும் உப்புவெளியில் யாராவது என்னிடம் யோகா பற்றிக் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இங்கே பலருக்கும் யோகா என்றால் மே முதல் செப்டெம்பர் வரை, கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், ஹொட்டேல் புல்தரையில் வெளிநாட்டுக்காரர் செய்வது. அதற்கென்று இறுக்கமான உடுப்பு வேண்டும், நிறநிறமான விரிப்பு வேண்டும், வளையும் உடம்பு வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் சச்சிதானந்தாவை இங்கே அனுப்பிய அந்த சிவானந்தர் யார்? பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887இல் பிறந்தவர், மலாயாவில் டொக்டராக வேலை பார்த்தவர். குடும்பமும் வேலையும் உள்ளவர்கள் யோகாவை வீட்டிலிருந்தே செய்யவேண்டும் என்றுதான் அவர் ஓயாமல் எழுதினார். ஆசனம் நம் வீட்டுக்குள் வருவதில் புதுமை ஒன்றுமில்லை.

என் பாய் விறாந்தையின் கிழக்கு மூலையில் கிடக்கிறது. சாதாரண ஓலைப்பாய், அதன்மேல் இரண்டாக மடித்த போர்வை. படுத்தும் இருந்தும் செய்வதற்கு இது போதும். நின்று செய்வதை மட்டும் பாயில் செய்யக்கூடாது. மினுக்கிய சீமெந்தில் ஓலை வழுக்கும். வெறுங்காலோடு தரையிலேயே நில்லுங்கள். இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, ஒரு ஆள் கைகளை விரித்துப் படுக்கும் அளவு என்பேன். அது இல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில் கிடையாது. நாளுக்கொரு மூலையாக மாற்றாமல் ஒரே இடத்தில் செய்யுங்கள். பாயைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டால் அதை எடுப்பதே ஒரு வேலையாகிவிடும்.

நேரத்தைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. 'நாளைக்கு ஐந்து மணிக்கு எழும்புவேன்' என்ற தீர்மானத்தை நான் நம்புவதில்லை. வீட்டில் ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு யோகாவைக் கட்டிவிடவேண்டும். முகம் கழுவியதும் பாய். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவது. வயிறும் வெறுமையாக இருக்கும். சோறு சாப்பிட்டால் மூன்று மணித்தியாலமாவது பொறுக்கவேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்கே சுவர் சுடத் தொடங்கிவிடும் என்பதால், எங்களுக்கு விடியலைவிட நல்ல நேரம் கிடைக்காது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கவனித்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர, நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு வரவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விட்டுப்போனதற்காக எல்லாவற்றையும் கைவிடுபவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என்ன செய்வது? ஆரம்பத்துக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் மூச்சில் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. உடம்பு இளகுவதை உங்களாலேயே உணர முடியும். மூச்சை அடக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான், மூச்சுக் கணக்கும் அங்கே உண்டு. ஆனால் மூச்சை அடக்கும் கும்பகம் குருவின் முன்னால் பழகவேண்டியது. பிறகு முழங்கால்களை ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு இழுங்கள். பாதத்தை ஊன்றி இடுப்பை மெதுவாக உயர்த்துங்கள். குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் தூக்கும் புஜங்காசனம். எழுந்து நின்று, கைகளை மேலே நீட்டி ஒரு நீள மூச்சு. கடைசியில், அசையாமல் மல்லாந்து கிடக்கும் சவாசனம். அவசரத்தில் எல்லாரும் வெட்டுவது இந்தச் சவாசனத்தைத்தான். நான் வேறெதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கமாட்டேன்.

புஜங்காசனத்தை நான் முக்கியமாகச் சொல்வது கரைவலை இழுப்பவர்களை மனதில் வைத்து. நாள் முழுக்கக் கயிற்றை இழுப்பவருக்கு இனி என்ன உடற்பயிற்சி என்று வீட்டார் கேட்பார்கள். இழுவையில் உழைத்த முதுகுக்கு, மெதுவாகப் பின்னால் விரியும் அசைவு தேவைப்படுகிறது. நாரிநோ என்று எண்ணெய் தேய்த்துப் படுப்பவர்களில் சிலர் இதைச் செய்து சுகம் கண்டிருக்கிறார்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ நிறுத்திவிட்டு டொக்டரிடம் போகவேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "அக்கா, எனக்கு முழங்கால் மடக்க ஏலாது, நிலத்தில இருக்கவே மாட்டன்" என்றாள். "கதிரையில இருந்து செய் பிள்ளை, ஆர் வேண்டாமெண்டது?" என்றேன். கதிரை நுனியில் நிமிர்ந்திருந்து தோளைச் சுழற்றுவது, இடுப்பிலிருந்து பக்கவாட்டில் திரும்புவது, கணுக்காலை அசைப்பது எல்லாம் யோகாதான். சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் காட்டிய வழி இதுவே: ஆசனத்துக்காக ஆளை வளைப்பதல்ல, ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றுவது.

எங்களுக்குச் சோதனைக்காலம் வாடை தொடங்கும்போது வரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை விடாது, விறாந்தைக்குள் சாரல் அடிக்கும், உடுப்பு காயாது, கரண்ட் போகும். பாயை அறைக்குள் கொண்டுபோங்கள். மூச்சும் முழங்கால் இழுப்பும் சவாசனமும் மட்டும் செய்யுங்கள். வீட்டில் சடங்கு, விருந்தாளி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கட்டிலில் படுத்தபடியே மூச்சை மட்டுமாவது. ஐந்து நிமிடமானாலும் அதுவும் கணக்குத்தான். மழை விட்டபின் மற்றதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தலைகீழாகச் செய்யும் சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் காணொளி பார்த்துத் தனியே முயலவேண்டாம். இரத்த அழுத்தம், கிளோக்கோமா, கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு அவை ஆபத்து. கர்ப்பிணிகள் கிளினிக்கில் கேட்டபின்பே எதையும் தொடங்கவேண்டும். நீரிழிவுக்கு ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் எவ்வளவு நேரம் செய்யலாம் என்பதையும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதானவர்களை ஒதுக்கிவைக்க வேண்டாம். 65 வயது தாண்டியவர்கள் கிழமைக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, விழுந்து எலும்பு முறியாமல் இருக்கத்தான். என் அம்மா கதவுநிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு காலைச் சற்று உயர்த்தி நிற்கிறா. கையை விட்டுப் பாருங்கோ என்று பேரன் உசுப்புவான். "நீ போடா, நான் விடேக்க விடுவன்" என்பா.