வீராணம் ஏரியின் கதை



சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நாற்று நடுகிற நாம, மதகைத் திறந்தால் வருகிற தண்ணீர் எங்கேயிருந்து வருது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லதுங்க.

இந்த ஏரி பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. அவருக்கு வீரநாராயணன் என்றும் பெயர். அதுதான் பேச்சு வழக்கில் வீராணம் ஆயிற்று. காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயரும் வீரநாராயணபுரம்தான். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் அது. திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பி பக்கத்திலுள்ள திருநாரையூர்க்காரர். வயிறு நிறைந்த பூமியில் தமிழும் செழித்தது பாருங்க!

நில அமைப்பைக் கவனியுங்கள். மேற்கே மேடு, கிழக்கே கடல் வரைக்கும் சரிவு. ஏரி தெற்கு வடக்காக நீளமாகக் கிடக்குது. பெரும்பாலான மதகுகள் கீழ்க்கரையில். 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார். அங்கே தேங்கும் காவிரித் தண்ணீர் வடவாறு வழியாக ஏரிக்கு வருது. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. நீர்மட்டம் 47.5 அடி. பாசனம் ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கர். 2004 முதல் சென்னைக்கும் குடிநீர் போகுது.

"ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை ஏன் நிரப்பி வைக்காமல் திறந்து விடுறாங்க?" என்று பலர் கேட்கிறார்கள். மேற்கே பெய்கிற மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாகத் திடீரென்று ஏரியில் விழும். விளிம்பு வரை நிரம்பியிருந்தால் கரைக்கு ஆபத்து. அதனால்தான் முன்கூட்டியே லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடைக்கும், சேத்தியாத்தோப்புப் பக்கம் வெள்ளாற்றுக்கும் விடுகிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் வடியாமல் நின்றால், திருநாரையூர்ப் பக்கத்துச் சம்பா பயிர் மூழ்கிப் போகும். காப்பாற்ற விட்ட தண்ணீரே கெடுதலாகிவிடும்.

ஆக, நம்ம கையில் இருப்பது மூன்று வேலை. ஒன்று, தண்ணீர் திறக்கும் முன்பே ஊர் கூடி வயல் வாய்க்காலைத் தூர் வாருங்கள்; அப்போதுதான் கடைமடைக்கும் தண்ணீர் எட்டும். இரண்டு, மழைக்கு முன்பே வடிகாலில் மண்டிய ஆகாயத்தாமரையையும் காட்டாமணக்கையும் அகற்றுங்கள். வடிகாலை மறித்து வரப்புப் போடாதீங்க. உங்க வயலுக்கு ஒரு முழம் கூடும், அடுத்தவர் பயிர் அழுகும். மூன்று, ஏரி மண் எடுக்க அரசு அனுமதி தருகிற காலத்தில், வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து வண்டலை வாங்கி வயலில் போடுங்கள். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் நிற்கும்; ஏரியும் ஆழப்படும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டிய ஏரி இது. வண்டல் மேவி மேடானால் பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் குறையும். வெட்டிக் கொடுத்தது சோழன். காத்துக் கொடுக்க வேண்டியது நாமதாங்க.