காவல் நாயின் இரத்த நோயும் கமக்காரர் கடமையும்

வன்னியிலே கமஞ் செய்வோர் வளவில் நாய் இல்லாத வளவு அரிது. காலபோக நெல் குடலைப் பருவம் எய்தியதும் காட்டுப்பன்றி வயலுக்கு இறங்குகின்றது. மிளகாய், கச்சான், பயிற்றைத் தோட்டங்களைக் குரங்கும் மயிலும் பகலிலேயே பாழாக்குகின்றன. இரவிற் பரணில் இருக்கும் கமக்காரனுக்கு முதல் அறிவிப்புக் கொடுப்பது நாயின் குரலே. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் மீளக் குடியேறி, காடு மூடிய வளவுகளைத் திருத்திய குடும்பங்கள் பலவற்றுக்கும் நாயே காவலாயிற்று.

எனினும், மாட்டின் நோயைக் கவனிக்கும் நாம் நாயின் நோயைத் "தானே மாறும்" என்று விட்டுவிடுகின்றோம். அவ்வாறு விடலாகாத நோய் ஒன்றைப் பற்றியும், அந்நோய் கண்ட நாயை உடையவருக்கு அயலவர் செய்யத்தக்க உதவி பற்றியும் இங்கே கூறுவோம்.

நோய் யாது?

இரத்தத்திலுள்ள செங்குழியங்கள் உடலெங்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்கின்றன. குருதிச் சிறுதட்டுகள் காயத்தில் இரத்தம் உறையத் துணை செய்கின்றன. வெளியிலிருந்து வரும் கிருமிகளை அழிப்பதற்கு உடலில் இயற்கையான காவற்படை ஒன்று உண்டு. சில நாய்களில் இக்காவற்படை தன் உடலின் செங்குழியங்களையோ சிறுதட்டுகளையோ பகையென எண்ணி அழிக்கத் தொடங்குகின்றது. இருளிற் பரணிலிருந்து இறங்கிய காவற்காரன் தன் வீட்டு மாட்டையே பன்றியென எண்ணி அடிப்பதை ஒத்தது இது. நாயின் செங்குழியம் இயல்பாக மூன்று மாதத்துக்கு மேல் வாழக் கூடியது. இந்நோயிலோ சில நாட்களிலேயே பெருந்தொகையாக அழிகின்றது.

சில வேளைகளில் இதற்குக் காரணம் புலப்படுவதில்லை. எமது நாடு போன்ற வெப்ப நாடுகளில் உண்ணி பரப்பும் கிருமிகள் இதனைத் தூண்டிவிடுவதுண்டு. அவற்றுள் பபேசியா என்பது செங்குழியத்தினுள் புகுந்து வாழ்வது. ஏர்லிக்கியா என்பது வெண்குழியத்தைப் பற்றிச் சிறுதட்டுகளைக் குறையச் செய்வது. ஏர்லிக்கியாவை 1935ஆம் ஆண்டில் அல்சீரியா நாட்டு நாய்களில் முதன்முதற் கண்டனர். 1960களின் பிற்பகுதியில் வியற்நாம் போரில் ஈடுபடுத்தப்பட்ட அமெரிக்கப் படை நாய்களில் நூற்றுக்கு மேற்பட்டவை இக்கிருமியால் மடிந்தன. நன்கு உணவூட்டிப் பேணப்பட்ட நாய்களே அவ்வாறு மடிந்தமையால், இந்நோய் கண்ட நாயை உடையவரைக் "கவனிக்காமல் விட்டவர்" என்று பழித்தல் தகாது.

அறிகுறிகள்

நாயின் மேலுதட்டை உயர்த்திப் பல் முரசைப் பார்க்க. நலமுள்ள நாயின் முரசு இளஞ்சிவப்பாயிருக்கும். (முரசு இயல்பாகவே கறுத்த நாய்க்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்க.) அது வெளுத்தோ மஞ்சளித்தோ இருப்பின் ஐயுறுக. சிறுநீர் வெறுந்தேத்தண்ணீர் நிறமாதல், படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்குதல், உணவை வெறுத்தல், சிறிது நடந்ததும் தளர்ந்து விழுதல் என்பன செங்குழியம் அழிவதன் குறிகள். வயிற்றுத் தோலிற் சிறு செம்புள்ளிகள், மூக்கால் இரத்தம் வடிதல், கரிய மலம் என்பன சிறுதட்டுக் குறைவின் குறிகள். இவற்றுள் எதனைக் கண்டாலும் அன்றே கால்நடை வைத்தியரிடம் செல்க. இந்நோயால் இறக்கும் நாய்களிற் பெரும்பாலானவை முதலிரு வாரங்களிலேயே இறக்கின்றன.

வைத்தியரிடம் மறைக்கலாகாதவை

கமக்கார வீட்டில் இவை போன்ற குறிகளை உண்டாக்கும் வேறு பொருள்களும் உள. வெங்காயம், பச்சையாயினும் சமைத்ததாயினும், நாயின் செங்குழியத்தைச் சிதைக்கும். ஆதலின் வெங்காயக் கழிவை நாய் தின்னும் இடத்திற் கொட்டற்க. எலிப்பாசாணத்துள் சில வகை இரத்தம் உறையாமற் செய்யும். காய்ச்சலுக்கென மனிதர் உண்ணும் பனடோல் நாய்க்கு நஞ்சாகும். புடையன் தீண்டினும் இரத்தம் கசியும். இவற்றுள் எது நிகழ்ந்திருப்பினும் வெட்கப்படாது வைத்தியரிடம் சொல்லுக. நோயும் நஞ்சும் வெவ்வேறு மருந்தை வேண்டுவன.

மருந்தை இடையில் நிறுத்தற்க

உண்ணிக் கிருமி இருப்பின் அதற்குரிய மருந்தை வைத்தியர் கொடுப்பார். ஏர்லிக்கியாவுக்கு டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து பெரும்பாலும் நான்கு வாரம் கொடுக்கப்படும். தவறிழைக்கும் காவற்படையை அடக்குவதற்குப் பிரெட்னிசொலோன் போன்ற குளிசைகள் கொடுக்கப்படும். இவற்றின் அளவைச் சில மாதங்களிற் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். குறைக்கும் ஒவ்வொரு படியிலும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இவ்விடத்தில் எனது தவறொன்றைச் சொல்ல வேண்டியவனாகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், இரணைமடுக் குளத்தின் கீழ் நெல்லும் மிளகாயும் செய்யும் கமக்காரர் ஒருவரின் நாய்க்கு இந்நோய் கண்டது. மூன்றாம் வாரத்தில் அது எழுந்து நடந்தது, சோறும் உண்டது. குளிசை வாங்க மீண்டும் போகவேண்டுமோ என அவர் என்னைக் கேட்டார். "தேறிவிட்டதுதானே, அறுவடை முடியட்டும் ஐயா" என்றேன். பயிருக்கு மருந்து சொல்லும் பழக்கத்தால், அறியாத துறையிலும் வாய் திறந்தேன். பத்து நாட்களில் முரசு மீண்டும் வெளுத்தது. இரண்டாம் முறை அது தேறவில்லை. அவர் என்னைக் குறை கூறவில்லை. எஞ்சிய இரவுகளெல்லாம் தனியே பரணில் விழித்திருந்தார். அவருக்காக ஓரிரவேனும் முறை எடுக்க எவரும் முன்வரவில்லை. நானும் எவரையும் கேட்டிலேன்.

வீட்டிற் பராமரிக்கும் முறை

பிரெட்னிசொலோன் உண்ணும் நாய் மிகுதியாக நீர் குடிக்கும்; அடிக்கடி சிறுநீர் கழிக்கும்; பசி மிகும். இது மருந்தின் இயல்பு, நீரைக் குறைக்கலாகாது. வேறு நோக்குளிசைகளைச் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையிற் புண் உண்டாகி இரத்தம் கசியலாம். நாயை நிழலில் வைத்து, ஓடாமலும் சண்டையிடாமலும் பாதுகாக்க. திடீரென மூச்சுத் திணறினால் இரத்தம் உறைந்து அடைத்திருக்கக் கூடும். தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்க. பசளை இட்ட நாளைக் குறித்து வைப்பது போல, முரசின் நிறம், சிறுநீரின் நிறம், கொடுத்த குளிசை என்பவற்றை நாடோறும் ஒரு கொப்பியிற் குறித்து வருக.

தன்னுடலையே தாக்கும் இந்நோய் பிள்ளைகளுக்கோ மற்ற நாய்களுக்கோ தொற்றாது. ஆயினும் உண்ணி ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குக் கிருமியைக் கொண்டு செல்லும். நாயுண்ணி தன் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் சுவர் வெடிப்பிலும் நாய் படுக்குமிடத்திலுமே கழிக்கின்றது. பெண் உண்ணி ஒன்று ஆயிரக்கணக்கான முட்டை இடும். ஆதலின் வெடிப்புகளைப் பூசி, படுக்கைச் சாக்கை அடிக்கடி மாற்றி, வைத்தியர் கூறும் உண்ணி மருந்தையே பாவிக்க. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியை நாயின் உடலிற் பூசுதல் பெருந்தவறு. அதனால் நாயும் மடியும். பூசியவர் கைக்கும் கேடு விளையும்.

அயலவர் செய்யத்தக்கவை

1. காவல் முறை: நோயுற்ற நாயைக் காவலுக்கு அனுப்பலாகாது. அக்குடும்பத்தின் பரண் இரவுகளை அயல் வயற்காரர் முறை வைத்து ஏற்க. கமக்கார அமைப்பின் கூட்டத்தில் இதனைப் பேசித் தீர்மானிக்கலாம்.

2. பயணம்: முச்சக்கர வண்டி உடையவர் ஒருமுறை வைத்தியரிடம் ஏற்றிச் செல்வது பேருதவியாகும். மேலதிக சிகிச்சை வேண்டின், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை உண்டு. கிளிநொச்சியிலிருந்து ஏ-9 வீதி வழியாக ஏறக்குறைய 250 கிலோமீற்றர். நலிந்த நாய் அத்தூரம் தாங்குமோ என உங்கள் வைத்தியரைக் கேட்டே புறப்படுக.

3. இரத்த தானம்: நாய்க்கு நாயின் இரத்தம் ஏற்றலாம். உடல் பெருத்த, நலமுள்ள, முன்னர் இரத்தம் ஏற்றப்படாத நாயே கொடுக்கத்தக்கது. உண்ணிக் கிருமி அதனுடலில் மறைந்திருக்கலாம் என்பதால் முன்னரே பரிசோதித்தல் வேண்டும்.

4. செலவு: செலவு எவ்வளவாகும், தேறும் வாய்ப்பு எவ்வளவு என்பவற்றைத் தொடக்கத்திலேயே வைத்தியரிடம் கேட்க. விதைநெல்லுக்கு வைத்த பணம் முழுவதையும் செலவிட இயலாதவர் இரக்கமற்றவர் ஆகார். நாய் தேறாத நிலையில், நோவின்றி உயிர் பிரியச் செய்ய வைத்தியர் கூறும் வழியை ஏற்பவரையும் பழிக்கலாகாது.

5. ஆறுதல்: "ஒரு நாய்தானே, வேறொன்று வளர்க்கலாம்" என்று கூறற்க. மாதக்கணக்காக நேரந் தவறாது குளிசை கொடுத்தவருக்கு அச்சொல் ஆறுதலாகாது. "இன்று முரசு எப்படி இருக்கின்றது?" என்று கேட்பதே நன்று.

இந்நோய் கண்ட நாய்கள் யாவும் பிழைப்பதில்லை. எனினும் காலத்தே கண்டு, மருந்தை முடியும்வரை கொடுத்த நாய்கள் பல மீண்டும் காவலுக்குத் திரும்புகின்றன. இன்று மாலை உங்கள் நாயின் உதட்டை உயர்த்தி முரசைப் பார்த்துக்கொள்க; நலமுள்ள காலத்து நிறத்தை அறிந்தவரே நோயுற்ற காலத்து நிறத்தை அறிவர். உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தையும் பசளைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்க.