பச்சை லுமாலாவும் ஒரு தலையசைப்பும்

வண்ணாத்திவில்லுச் சந்தியைத் தாண்டி எலுவன்குளம் நோக்கிப் போகும் வீதியில், ஒரு மதகின் மேல் உட்கார்ந்து ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். இரு பக்கமும் கஜு மரங்கள். நடுவே செம்மண் படிந்த வீதி. அரை மணி நேரத்தில் ஒரு பஸ்ஸும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே போயிருந்தன.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஒரு இளைஞர் சைக்கிளில் வந்தார். என்னைக் கடந்து சற்றுத் தூரம் போனவர் பிரேக் பிடித்துத் திரும்பினார்.

“அக்கா, நீங்க பச்சை லுமாலா தானே?”

அது என் சைக்கிள். சைக்கிள் ஓட்டுபவர்கள் தங்கள் பயணங்களைப் பதிவேற்றும் ஸ்ட்ராவா செயலியில் என் கணக்கின் பெயரும் அதுதான். சிலாபத்தைச் சேர்ந்த அவரும் அதே செயலியில், அதே குழுவில் இருப்பவர். இரண்டு வருடமாக என் பதிவுகளுக்கு விருப்பம் போடுகிறார், நானும் அவருடைய பதிவுகளுக்குப் போட்டிருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை. தன் பம்ப்பை எடுத்து அவரே காற்றடித்துத் தந்தார். வில்பத்துப் பக்கம் யானை நடமாட்டம் இருப்பதாகவும், மாலை நான்கு மணிக்குப் பிறகு அந்த வீதியில் நிற்க வேண்டாம் என்றும் சொன்னார். முன்பின் தெரியாத வீதியில் ஒரு சொந்தக்காரர் கிடைத்ததுபோல் இருந்தது.

புறப்படும்போது இன்னொன்றும் சொன்னார். “நேத்து கலா ஓயா மட்டும் போயிட்டு வந்தீங்க, என்ன? புத்தளத்துல அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற வீட்டிலதானே நிக்கிறீங்க?”

அவர் சொன்னது சரி. உறவினர் வீடு அது. அவர் எந்தக் கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. ஆனால் தனியாகச் சைக்கிள் ஓட்டும் ஒரு பெண்ணாக, அன்று மீதித் தூரம் முழுவதும் அந்த ஒரு வசனத்தையே யோசித்துக்கொண்டு போனேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. நான் எங்கே தூங்குகிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

ஒன்பது விநாடிகள்

இணையத்தில் மட்டும் தெரிந்த ஒருவரை வீதியில் எப்படி அடையாளம் காண்கிறார்கள்? எதிரெதிராக மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இருவர் ஒருவரையொருவர் 40 கிலோமீற்றர் வேகத்தில் நெருங்குகிறார்கள். நூறு மீற்றர் தூரத்தில் கண்ணில் பட்டால், கடந்து போக ஒன்பது விநாடிகள். அதற்குள் முகம் பார்க்க முடியாது. ஹெல்மெட், கண்ணாடி, வெயிலுக்குக் கட்டிய துணி எல்லாம் சேர்ந்து முகத்தை மறைத்துவிடும்.

அதனால் சைக்கிளைத்தான் பார்க்கிறார்கள். சைக்கிள்காரர்கள் போடும் படங்களைக் கவனித்தால் இது புரியும். பெரும்பாலானவற்றில் ஆள் இருக்கமாட்டார். மதகிலோ மைல்கல்லிலோ கடற்கரைச் சுவரிலோ சாத்திவைத்த சைக்கிள் மட்டும் இருக்கும். பார்த்துப் பார்த்து அந்தச் சட்டகத்தின் நிறம், ஹேண்டிலில் கட்டிய பை, கரியரில் கிடக்கும் இறப்பர் பட்டி எல்லாம் மனதில் பதிந்துவிடுகின்றன. என் பழைய லுமாலாவின் பச்சை நிறம், விலை உயர்ந்த சைக்கிள்கள் நிறைந்த ஒரு குழுவில் தனியாகத் தெரியும். அடுத்தது நேரம். யார் எந்த நாளில் எந்த வீதியில் வருவார் என்பது பதிவுகளைத் தொடர்பவர்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம். கடைசியாக, உட்காரும் விதம். ஒருவர் பெடல் மிதிக்கும்போது முழங்கால் எந்தப் பக்கம் விரிகிறது, தோள் எவ்வளவு குனிகிறது என்பதெல்லாம் கையெழுத்தைப் போல ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இவை சேர்ந்தால் ஒன்பது விநாடிகள் போதும். பிறகு ஒரு தலையசைப்பு, அல்லது ஹேண்டிலிலிருந்து இரண்டு விரல்கள் மேலெழும்.

இரும்புப் பலகையிலிருந்து செயலிக்கு

இந்த ஆசை இணையத்தோடு பிறந்ததல்ல. 1878இல் இங்கிலாந்தின் ஹரகேட் நகரில் சைக்கிள் சுற்றுலாக் கழகம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. பெரிய முன்சக்கரச் சைக்கிள்களின் காலம் அது. குதிரைகளை வெருட்டுகிறார்கள் என்று சைக்கிள்காரர்களைப் பலருக்குப் பிடிக்காது. தூர ஊர்களில் தங்க இடம் கிடைப்பதும் நிச்சயமில்லை. கழகம் தன் உறுப்பினர்களுக்குச் சீருடையும் சின்னமும் கொடுத்தது. முதலில் கடும் பச்சை நிறச் சீருடை, பின்னர் சாம்பல் நிறம். சின்னம், சிறகு முளைத்த சக்கரம். உறுப்பினர்களை வரவேற்கும் விடுதிகளின் சுவரில் அதே சக்கரம் பொறித்த இரும்புப் பலகை தொங்கியது. சில பழைய கட்டடங்களில் இன்றும் அது இருக்கிறது.

அந்தச் சின்னம் வேலை செய்த முறையைக் கவனியுங்கள். அணிந்தவர் தானாக விரும்பி அணிந்தார். எதிரே வந்தவரும் அதையே அணிந்திருந்தார். இவர் அவரைக் கண்ட அதே கணத்தில் அவரும் இவரைக் கண்டார். வீட்டுக்குப் போய்க் கழற்றி வைத்தால் அன்றைய அடையாளம் முடிந்தது.

2009இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் இந்தச் சமநிலை மாறுகிறது. கைத்தொலைபேசியோ கைக்கடிகாரமோ செய்மதிகளின் சமிக்ஞையைக் கொண்டு சில விநாடிகளுக்கு ஒருமுறை நாம் நிற்கும் புள்ளியையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அநேகமாக அது வீடு.

அதே செயலியில் ‘ஃப்ளைபை’ என்ற ஒரு வசதி உண்டு. இரண்டு பேருடைய பதிவுகளை எடுத்து, எந்த நிமிடத்தில் எந்த இடத்தில் இருவரும் அருகருகே இருந்தார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டும். காலையில் தலையசைத்துவிட்டுப் போனவர் யார் என்று மாலையில் பார்த்துக்கொள்ளலாம். பலருக்கு அது மகிழ்ச்சி தந்தது. ஆனால் வீதியில் கடந்துபோன ஒரு பெண்ணின் பெயரையும் அவள் ஓடிவந்த பாதையையும் முன்பின் தெரியாதவர் அன்று மாலையே பார்த்துவிடலாம் என்பதும் இதே வசதியால்தான். 2020இல் இதுபற்றிக் கடும் விமர்சனம் எழுந்த பிறகு, தாங்களாக விரும்பித் திறந்துவிடாத எவரும் அதில் தெரியமாட்டார்கள் என்று நிறுவனம் மாற்றியது.

ஆள் குறைந்த இடத்தின் பிரச்சினை

கொழும்பில் ஞாயிறு காலை காலிமுகத்திடல் பக்கம் போனால் சைக்கிள்கள் நிறையவே இருக்கும். அங்கே என் கோடு பல கோடுகளில் ஒன்று. வண்ணாத்திவில்லுவுக்கு வடக்கே அப்படியல்ல. புத்தளத்திலிருந்து வரும் பிரதான வீதி ஒன்று. அதன் முடிவில் கலா ஓயாவும் வில்பத்து தேசிய வனமும். அந்த வீதியில் பதிவேற்றப்படும் கோடு, வெள்ளைத் தாளில் போட்ட கோடு.

இதை உலகம் 2018 ஜனவரியில் பெரிய அளவில் பார்த்தது. ஸ்ட்ராவா தன் பாவனையாளர்களின் 100 கோடி பயணங்களைச் சேர்த்து, பெயர்களை நீக்கி, ஒரு உலக வரைபடமாக 2017 நவம்பரில் வெளியிட்டிருந்தது. இலண்டனும் நியூயோர்க்கும் அதில் வெறும் ஒளித் திட்டுகள். அங்கே யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் இருண்ட பாலைவனங்களில் சில சின்னஞ்சிறு ஒளிக்கோடுகள் தெரிந்தன. அவை படை முகாம்களுக்குள் சிப்பாய்கள் உடற்பயிற்சிக்காக ஓடிய பாதைகள் என்பதை ஓர் அவுஸ்திரேலிய மாணவர் கண்டுபிடித்துச் சொன்னார். பெயர் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை என்பதே அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அதற்குள் உள்ள கோட்டை மறைக்கும் வசதி இந்தச் செயலிகளில் இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு. வீடு வட்டத்தின் மையத்தில் இருந்தால், கோடு மறையும் புள்ளி எப்போதும் அந்த வட்டத்தின் விளிம்பில் இருக்கும். மூன்று திசைகளில் போய்வந்த மூன்று பயணங்கள் கிடைத்தால் விளிம்பில் மூன்று புள்ளிகள் கிடைக்கும். மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு வட்டம்தான் வரையலாம், அதன் நடுவே வீடு. சாதாரண தரக் கேத்திர கணிதம். 2018இல் இல்லினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வழியில் மறைத்த இடங்களைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஒரே வீதியும் ஓரத்தில் நாலு வீடுகளும் உள்ள ஊரில் கணிதமும் தேவைப்படாது.

நானோ அந்த வட்டத்தைக்கூடப் போட்டிருக்கவில்லை. 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்த நாட்களில் பழைய லுமாலா ஒன்றை வாங்கி, செயலியையும் இறக்கி, அமைப்புகள் பக்கத்தைத் திறந்தும் பார்க்காமல் ஓட்டத் தொடங்கியவள். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது ‘பார்வையாளர்’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என் பார்வையாளர் யார் என்று யோசிக்கவில்லை.

தலையாட்டியும் தலையசைப்பும்

எங்கள் நாட்டில், எங்கள் மொழியில், அடையாளம் காணப்படுவது என்பது இலேசான விடயமாக இருந்ததில்லை. யுத்த காலத்தில் சுற்றிவளைப்புகளின்போது வரிசையில் நிறுத்தப்பட்டவர்கள் முன்னால் முகத்தை மூடிய ஒருவரைக் கொண்டுவருவார்கள். அவர் தலையை அசைத்தால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். அவருக்குச் சனம் வைத்த பெயர் ‘தலையாட்டி’. அவருக்கு எங்களைத் தெரியும், எங்களுக்கு அவரைத் தெரியாது. அதுதான் அதில் இருந்த பயம்.

வண்ணாத்திவில்லுவுக்கும் இப்படி ஒரு நினைவு இருக்கிறது. 2019 ஜனவரியில் இங்குள்ள ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டன. மூன்று மாதங்களில் ஏப்ரல் 21 தாக்குதல்கள். அதன் பின்னர் நாடு முழுவதும் முஸ்லிம்கள் பெயராலும் உடையாலும் அடையாளம் காணப்பட்டு என்ன பட்டார்கள் என்பதை இந்தப் பக்கத்துச் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

சிலாபத்து இளைஞரைத் தலையாட்டியோடு ஒப்பிடுவது பெரும் அநியாயம். அவர் எனக்குக் காற்றடித்துத் தந்தவர். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்க்கும்போது உடம்பில் வரும் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

அன்று திரும்பி வரும் வழியில் வண்ணாத்திவில்லுவில் ஒரு தேநீர்க் கடையில் நின்றேன். கடைக்கார நானா பிளேன்டீயை வைத்துவிட்டு, நான் எதுவும் கேட்காமலே, “நாங்க மன்னார்ல இருந்து தொண்ணூறுல வந்த ஆக்கள்” என்று தன் கதையைச் சொன்னார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம். அதற்குப் பிறகுதான், “தங்கச்சி எந்த ஊரு?” என்று கேட்டார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது கடைக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்லி, “கடலுக்குப் போயிட்டு வாறான்” என்றார். “செயின் சத்தத்த வெச்சே யாரு வாறாண்டு சொல்லிருவேன்.” ஹெல்மெட் இல்லாமல், சாரத்தை மடித்துக் கட்டி, கரியரில் மீன்பெட்டியோடு வந்தவர் கடையைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார். இந்த வீதியில் காலம் காலமாகச் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு ஸ்ட்ராவா தேவைப்படவில்லை. நானாவுக்கு அவரைத் தெரியும், அவருக்கு நானாவையும் தெரியும்.

என்ன மாற்றினேன்

அன்றிரவு நான்கு வேலைகள் செய்தேன். பயணங்களை நான் ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். தொடக்கத்தையும் முடிவையும் மறைத்தேன். ஊரடங்கிய இடங்களில் வீட்டு வாசலில் அல்லாமல் சந்தியிலோ பஸ் தரிப்பிடத்திலோ பதிவை ஆரம்பிப்பது என்று வைத்துக்கொண்டேன். பயணம் முடிந்து, அந்த ஊரை விட்டுப் புறப்பட்ட பிறகே பதிவேற்றுகிறேன். பச்சை லுமாலாவின் படத்தை மட்டும் எடுக்கவில்லை. வீதியில் யாராவது தெரிந்துகொண்டு நிற்பது இன்றும் எனக்குப் பிடிக்கும்.

சிலாபத்து இளைஞருக்கும் எழுதினேன். கோபமாக அல்ல, நடந்ததைச் சொன்னேன். வருந்தினார். தன் தங்கை ஓடப் போகும்போது பதிவு செய்வதாகவும், அவளுடைய அமைப்புகளை இருவரும் சேர்ந்து பார்த்து மாற்றியதாகவும் மறுநாள் பதில் எழுதினார். குழுவில் இப்போது ஒரு சின்ன வழக்கம் பேசி வைத்திருக்கிறோம். வீதியில் ஒருவரை அடையாளம் கண்டால், அவருடைய கணக்குப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தன் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கே போனீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்பதை அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கடைக்கார நானாவிடம் கற்றதுதான்.

சில மாதங்களுக்குப் பிறகு பாலாவிச் சந்தியில் மீண்டும் அவரைக் கண்டேன். இந்த முறை நான்தான் முதலில் கண்டேன்: சிவப்புச் சட்டகம், வலப்பக்கம் சற்று விரியும் முழங்கால். கை காட்டி நிறுத்தி என் பெயரைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிச் சிரித்துக்கொண்டே தன் பெயரைச் சொன்னார்.