அடிமைகள் காத்த அரியணை

புசா ரோட்டின் கிழக்குக் கோடியில் வானளாவ நிற்கும் அனுமார் சிலையை அறியாத மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. ஆனால் அதன் பின்னே மேட்டுக் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் ‘பூலி பட்டியாரி மஹால்’ என்னும் பாழடைந்த கல் கட்டடத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? டில்லியை 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக் காலத்து வேட்டை மாளிகை அது என்பர்.

டில்லி சுல்தான்களின் ஆட்சி 1206-இல் தொடங்கி 1526-இல் முடிந்தது. இந்த 320 ஆண்டுகளில் ஐந்து வமிசங்கள் வந்து போயின. கோட்டைகளுக்கும் குதிரைகளுக்கும் குறைவில்லாதபோது, வமிசங்கள் மட்டும் ஏன் நிலைக்கவில்லை?

விடை காண முதலில் பாக்தாத்துக்குச் செல்ல வேண்டும். உறவினன் படைத்தலைவனானால் அரியணையில் பங்கு கேட்பான். குறுநிலத் தலைவனோ தன் நாட்டையே பெரிதென நினைப்பான். தூர தேசத்தில் விலைக்கு வாங்கிய துருக்கிச் சிறுவனுக்கு, வாங்கிய எஜமானனைத் தவிர வேறு கதி ஏது? இவ்வாறு எண்ணிய கலீபா முஅதஸிம் துருக்கி அடிமைப் படையைப் பெருக்கி, 836-இல் சாமர்ரா என்னும் புதுத் தலைநகரையே அமைத்தார். ஆனால் அவர் மகன் முதவக்கில் 861-இல் அதே துருக்கி வீரர்களின் வாளுக்கு இரையானார். எகிப்தில் இத்தகைய அடிமை வீரர்கள் 1250-இல் தாமே அரசராயினர். பத்தாண்டுகளில் மங்கோலியரையும் வென்றனர்.

டில்லியிலும் இதே கதைதான். குத்புதீன் ஐபக், இல்துத்மிஷ், பால்பன் மூவரும் அடிமைகளாக வாங்கப்பட்டவர்களே. இல்துத்மிஷ் 1236-இல் இறந்தார். அடுத்த பத்தாண்டுகளில், ரஸியா உட்பட அவர் வழிவந்த நால்வர் அரியணை ஏறி இறக்கப்பட்டனர். அடிமையின் விசுவாசம் எஜமானனுக்கு உரியது. எஜமானனின் பிள்ளைக்கு அது சொத்தாக வருவதில்லை.

அலாவுதீன் கில்ஜி வேறு வழி கண்டார். மங்கோலியர் டில்லி வாசலிலேயே வந்து நின்ற காலம் அது. அவர் வீரர்களுக்கு ரொக்கமாகச் சம்பளம் கொடுத்தார். குதிரைகளுக்குச் சூடிட்டு அடையாளம் வைத்தார். அந்தச் சம்பளத்தில் வீரன் வாழ முடியும்படி கடைவீதி விலைகளைக் கட்டுப்படுத்தினார். 1311-இல் நம் மதுரை வரை வந்த மாலிக் காபூர் இப்படையின் தலைவரே. அவரும் அடிமையாக வந்தவர்தாம். 1316-இல் எஜமானர் கண் மூடியதும் அதிகாரத்தைக் கைப்பற்றினார். ஒரு மாத அளவிலேயே அரண்மனைக் காவலரால் கொல்லப்பட்டார்.

பிரோஸ் ஷா இரக்கமுள்ளவர். சம்பளத்துக்குப் பதிலாகக் கிராம வருவாயை எழுதி வைத்தார். கிழவனான வீரனின் இடத்தை மகனுக்கோ மருமகனுக்கோ அளித்தார். அக்காலச் சரித்திர ஆசிரியர் அபீப் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தணிக்கைக்குக் குதிரை காட்ட இயலாத வீரன் ஒருவன், குமாஸ்தாவுக்குக் கொடுக்க ஒரு பொன் நாணயமில்லையே என்று புலம்பினானாம். அதைக் கேட்ட சுல்தான் அந்தப் பொன்னைத் தாமே கொடுத்தனுப்பினாராம்! தம் படையை ஏமாற்றுவதற்குத் தாமே லஞ்சம் கொடுத்த அரசரை வேறெங்கே காண்போம்?

அவருக்கு 1,80,000 அடிமைகள் இருந்தனர் என்பதும் அபீபின் கணக்கே. 1388-இல் அவர் மறைந்ததும், அரியணைக்கு நடந்த சண்டையில் அவ்வடிமைகள் கட்சி கட்டி நின்றனர். பத்தாண்டுகள் கழித்து, 1398-இல், தைமூர் வந்தபோது டில்லியைக் காக்க வல்ல படை இல்லை.

மன்னனின் கடுமையை நம்பிய படை மன்னனோடு போயிற்று. மன்னனின் தயவை நம்பிய படை மன்னன் இருக்கும்போதே உளுத்தது. ஒரு மனிதனையே நம்பி நிற்கும் ஆட்சி, அம்மனிதனின் ஆயுளைத் தாண்டி நிலைப்பது அரிது. அடுத்த விடுமுறையில், பகல் வெளிச்சத்தில், நண்பர்களுடன் அம்மாளிகைக்குப் போய் வாருங்கள். அந்த மூளிச் சுவர்கள் சொல்வதும் இதுவே.