பழவேற்காடு ஏரிக்கு நாடி பார்ப்பது எப்படி?

பழவேற்காட்டில் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கு வலை வேண்டாம். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் மண்டியிட்டு நகர்ந்தபடி இரு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். சிக்கிய இறால் பறிக்குள் போகும். ஏரியின் நலத்தை ஆராய வருகிறவர்களும் அந்தச் சேற்றைத் தொட்டாக வேண்டும்.

ஏனென்றால் தண்ணீர் ஆளை ஏமாற்றும். சில்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. ஆழமோ சராசரியாக ஒரு மீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவந்தால் உப்பு வெகுவாக இறங்கிவிடும். கோடையில் சில பகுதிகள் கடலையே மிஞ்சும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கணக்குத் தெரிந்துவிடும். ஆனால் சித்திரையில் எடுத்த ஒரு சொட்டை வைத்து ஏரி கெட்டுவிட்டது என்பது, ஓடிவந்தவன் நாடியைப் பிடித்துக் காய்ச்சல் என்பதைப் போலத்தான்.

சேற்றுப் புழுவும் மட்டியும் அப்படியல்ல. இடம் சரியில்லை என்று மீனைப்போல் ஓடிவிட அவற்றால் முடியாது. எது நிலைத்தது, எது செத்தது என்று எண்ணினால் பல மாத வரலாறு கிடைக்கும். எண்ணூர் பக்கம் மஞ்சள் மட்டி கிடந்த இடங்களில் இப்போது ‘காக்கா ஆழி’ கம்பளம்போல் படர்ந்திருக்கிறது. அமெரிக்கக் கண்டத்துக் கரைகளைச் சேர்ந்த சிப்பி. கப்பல்கள் நிலைதடுமாறாமலிருக்க ஏற்றிவரும் நீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். அது மூடிய சேற்றில் இறால் புதைய முடியாது; தடவும் கைக்கும் வேலையில்லை. முதலில் கூச்சலிட்டவர்கள் மீனவர்கள்தான்.

இன்னொரு அடையாளம் முகத்துவாரம். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்கே திரும்பும். மணல் தூர்த்துவிட்டால் அந்தப் போக்குவரத்தே நின்றுபோகும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்களில் ‘பாடு’ முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பது முறைவைத்து நடக்கும். ஆள் மாறுவார்; இடமும் வலையும் மாறாது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே விதமாக மாதிரி எடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்களே, அதைக் குப்பத்தார் தலைமுறைகளாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். நோட்டில் எழுதவில்லை, அவ்வளவுதான்.