கத்திக்கு முன்னும் பின்னும்

கத்திக்கு எட்டாத விதைகள்

வியன்னா நகரில் 1881-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், புற்றுக் கண்ட இரைப்பையின் ஒரு பாகத்தை டாக்டர் பில்ரோத் அறுத்தெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தபோது வைத்திய உலகம் வியந்து நின்றதென்றாலும், அந்த அம்மாள் ஏறக்குறைய நான்கே மாதங்களில் அதே வியாதி திரும்பியதால் மாண்டுபோனார். இரைப்பையின் சுவரைத் துளைத்து அருகிலுள்ள நிணநீர்க் கணுக்கள்வரை முற்றிய புற்று, ஈரல் முதலிய தூர அவயவங்களில் வெளிப்படையாகத் தென்படாதிருக்கும்போதே, தன் சூக்ஷ்மமான உயிரணுக்களை விதைபோல் தூவிவிடுவதுண்டு; அவற்றைத் தேடிச் செல்லக் கத்தியால் ஆகாது, இரத்தத்தோடு ஓடும் மருந்தால்தான் ஆகும்.

சீட்டுப் போட்டுப் பார்த்த பரீட்சை

கட்டியென்று தெரிந்தவுடன் அதை வெட்டியெறிய வேண்டுமென்று பதறுவது மனித சுபாவம். அந்தப் பதற்றத்தை அடக்கிக்கொண்டு மருந்தை முதலில் கொடுத்தால் என்னவென்று பிரிட்டிஷ் வைத்தியர்கள் 1994 முதல் 2002 வரை 503 நோயாளிகளிடம் பரீட்சித்தார்கள். நோயாளியின் விருப்பமோ வைத்தியரின் தாட்சண்யமோ குறுக்கிடாதபடி, சீட்டுப் போடுவதைப் போன்ற முறையில் அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை மட்டும் செய்து, மற்றதற்கு எபிருபிசின், சிஸ்பிளாட்டின், ஃபுளூரோயுராசில் என்னும் மூன்றையும் சேர்த்து, அறுவைக்கு முன் மூன்று சுற்றும் பின் மூன்று சுற்றுமாகக் கொடுத்தார்கள். ‘மேஜிக்’ என்று அதற்குப் பெயர். ஜாலம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள், அறுவை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 23 பேர்; மருந்தும் பெற்றோரில் 36 பேர்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆறு சுற்றையும் முடித்தவர்கள் பத்துக்கு நால்வரே. இரைப்பையை இழந்து மெலிந்த உடல் மருந்தின் உக்கிரத்தைத் தாங்குவதில்லை. ஆகையால் வலுவுள்ளபோதே அதைச் செலுத்திவிடுவது விவேகம்.

ஜெர்மானியரின் நான்கு மருந்து

பின்னர் ஜெர்மனியில் 716 பேரிடம், டோசிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், லியூகோவோரின், ஃபுளூரோயுராசில் ஆகியவற்றின் சேர்க்கையை, இரு வாரத்துக்கொன்றாக முன் நான்கும் பின் நான்குமாகக் கொடுத்துப் பழைய முறையோடு ஒப்பிட்டார்கள். சரிபாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக நீண்டதாக 2019-இல் வெளிவந்தது. வெள்ளையணுக் குறைவு, வயிற்றுப்போக்கு, கைகால் மரத்தல் என உபத்திரவங்களும் உண்டு.

வாசகருக்கு

பசியின்மை, சிறிது உண்டாலே வயிறு நிரம்பிய உணர்ச்சி, காரணமற்ற மெலிவு, கறுத்த மலம் ஆகியவை நீடித்தால் எண்டாஸ்கோபி செய்துகொள்ளுங்கள். புற்றென்று தெரிந்தால், அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பாகவே, மருந்தால் புற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் நிபுணரையும் ஒருமுறை கலந்து பேசுங்கள்.