முதிர்ந்த கரங்களில் மலரும் காகிதப்பூ

பிள்ளைகளின் வேலையை முன்னிட்டு நெல்லையிலும் குமரியிலுமிருந்து மும்பைக்கும் டெல்லிக்கும் வந்து தங்கும் பெற்றோர் பலருக்குப் பகற்பொழுது மிக நீண்டது. மகனும் மருமகளும் அலுவலகத்தில், பேரப்பிள்ளைகள் பள்ளியில், அண்டை வீட்டாரின் மொழியோ தெரியாது. இத்தகையோர் மேசையின் ஒரு மூலையில் அமர்ந்து செய்யத்தக்க இனிய பயிற்சி ஒன்று உண்டு. நீர்வண்ணத்தில் பூ வரைதலே அது.

“எனக்கு வரைய வராது, கையும் நடுங்குகிறது” என்று தயங்க வேண்டியதில்லை. பென்சிலால் கோடிட்டு, அதனுள் வண்ணம் நிரப்புவதற்கே உறுதியான கை வேண்டும். இதுவோ கோடின்றி, தூரிகையாலேயே பூவைத் தீட்டும் முறை. நீரே வண்ணத்தைப் பரப்பும். ஓரம் நெளிந்தால் அதுவும் பூவின் நெளிவாகவே தோன்றும்.

தேவையானவை

300 ஜி.எஸ்.எம். கனமுள்ள நீர்வண்ணத் தாள், 8ஆம் எண் உருண்டைத் தூரிகை, ரோஜா நிறம், மஞ்சள், நீலம் ஆகிய மூன்று வண்ணங்கள், பழைய பருத்தித் துணி, இரு குவளை நீர் ஆகியவை போதும். ஒரு குவளை தூரிகையைக் கழுவ. மற்றது தூய நீருக்கு. மெல்லிய தாள் நீர் பட்டதும் சுருங்கிவிடும்.

பூவை உற்றுநோக்குங்கள்

நகரத்து மதிற்சுவர்களில் படர்ந்திருக்கும் காகிதப்பூவிலிருந்து தொடங்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நாட்டில் வேரூன்றிய கொடி அது. இதழ்கள் என நாம் எண்ணுபவை நிறம் பெற்ற மூன்று இலைகளே. உண்மையான பூ அவற்றின் நடுவே சிறு குழல்போல் வெண்மையாய் நிற்கிறது.

தீட்டும் முறை

நீர் கலந்த ரோஜா நிறத்தைத் தூரிகையில் எடுத்து, நுனியைத் தாளில் வைத்து, சற்று அழுத்தி, மெல்லத் தூக்குங்கள். ஓர் இதழ் உருவாகும். இவ்வாறு மூன்று. இடையிடையே தாளின் வெண்மையை விட்டுவையுங்கள். நடுப்பூவும் ஒளியும் அதுவே. ஈரம் காயுமுன் அடிப்பகுதியில் அடர்ந்த வண்ணம் ஒரு துளி தொடுங்கள்; அது தானே பரவும். மஞ்சளும் நீலமும் கலந்த பச்சையால், ஈர ஓரத்தைத் தொட்டு இலை வரையுங்கள். உலர்ந்தபின் நிறம் வெளிறுமாதலால், தொடக்கத்தில் சற்று அழுத்தமாகவே தீட்டலாம்.

ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். பாதி உலர்ந்த இடத்தில் மீண்டும் நீர்த்தூரிகையை வைத்தால், வண்ணம் விலகி, பூக்கோசின் ஓரம்போல் கறை விழும். ஆகவே காத்திருங்கள். டெல்லிக் கோடையில் நிமிடங்களில் உலரும் தாள், மும்பை மழைக்காலத்தில் நெடுநேரம் ஈரமாயிருக்கும்.

சிறு தாளும் போதும்

ஆங்கிலேய மிஷனெரி லிலியாஸ் டிராட்டர் (1853–1928) ஓவியத்தில் பெருந்திறன் உடையவர் என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் பாராட்டினார். ஊழியத்திற்காக 1888இல் அல்ஜீரியா சென்றபோது புகழுக்கான வாய்ப்பைத் துறந்தார்; தூரிகையைத் துறக்கவில்லை. நாட்குறிப்பின் சிறு பக்கங்களிலும் நீர்வண்ணத்தில் தீட்டி வந்தார்.

நீங்களும் அஞ்சலட்டை அளவில் ஒன்று தீட்டி, ஊரிலிருக்கும் உடன்பிறந்தாருக்கு அனுப்புங்கள். சில ரோஜா நிறங்கள் வெயிலில் மங்கும் என்பதால், நேர்வெயில் படாத இடத்தில் வைக்குமாறு அதன் பின்புறம் எழுதிவிடுங்கள். பள்ளியிலிருந்து திரும்பும் பேரப்பிள்ளைக்கும் ஒரு தூரிகையைக் கொடுங்கள். இருவரும் பேசிக்கொள்ள அன்று மாலை ஒரு பொருள் இருக்கும்.